பேர்க் கட்டம் வெறுமையாக் கிடந்தது: திருகோணமலையில இருந்து குடும்ப வரலாற்றுச் சங்கத்தைப் பாவிச்சு பூட்டனைத் தேடின விதம்

எங்கட வீட்டில எல்லாரும் சொல்லுற கதை, அம்மப்பான்ர அப்பா யாழ்ப்பாணத்தில இருந்து டொக்யாட் வேலைக்கு வந்து இங்கயே தங்கினவர் எண்டு. அது பிழை, அவர் இங்க கிட்ட உள்ள தம்பலகாமத்தில பிறந்தவர், யாழ்ப்பாணம் அவரின்ர மனிசி பகுதி. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒண்டரை வருசம் போச்சுது, உங்களுக்கு அவ்வளவு போகக்கூடாது எண்டுதான் எழுதுறன்.

குடும்ப வரலாற்றுச் சங்கம் எண்டா வம்சாவழி தேடுறவைக்கு உதவுற சங்கம். ஆனா முதல் வேலை சங்கமும் இல்லை இன்டர்நெட்டும் இல்லை, வீட்டு அலுமாரி. அம்மா 1956இல பிறந்தவ, அவவின்ர பிறப்புச் சேர்டிபிக்கட் சேலைக்கு அடியில நாலா மடிச்சுக் கிடந்தது, மடிப்பில செலோடேப் மஞ்சளாகி எழுத்தையும் மறைச்சுப்போட்டுது. தாய் தகப்பன் விவரத்துக்குக் கீழ பாருங்கோ, பாட்டனாரின்ர பேர், பிறந்த வருசம், பிறந்த இடம் எண்டு கட்டம் இருக்கும். 1948ம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தில தகப்பன் இலங்கையில பிறந்தவரோ, இல்லாட்டி பாட்டனும் பூட்டனும் இங்க பிறந்தவையோ எண்டுதான் கேள்வி, அதே கேள்விதான் இந்தக் கட்டத்திலயும் நிக்குது. கனபேர் அதை வாசிக்கிறதே இல்லை. அம்மாவுக்குப் பாட்டன் எண்டா எனக்குப் பூட்டன். எங்கட பேப்பரில அதுக்குள்ள "1898, தம்பலகாமம்" எண்டு எழுதியிருந்தது. அம்மாவே அண்டைக்குத்தான் முதல்முதலாப் பார்த்தவ.

காணி உறுதி இருந்தா அதையும் எடுங்கோ. "எனது தகப்பனாரிடமிருந்து முதுசொமாய்" எண்டு தொடங்கிற வரி ரெண்டு தலைமுறையை ஒரேயடியாச் சொல்லிப்போடும். அதோட அந்தியேட்டிக்கு அடிச்ச கல்வெட்டுப் புத்தகங்கள், அதாவது செத்தவரின்ர நினைவு மலர்கள், பின்பக்கத்தில வம்சாவழி போட்டிருப்பினம். வீட்டில இல்லாட்டி நூலகம் எண்ட இணையத்தளத்தில தேடுங்கோ, 2005இல தொடங்கினது, நினைவு மலர்கள் நிறைய ஸ்கேன் பண்ணி இலவசமாப் போட்டிருக்கினம்.

இனி எழுதுறது. ஒரு சிஆர் கொப்பி வாங்குங்கோ, ஃபோன் அப்பில தொடங்காதீங்கோ. ஒரு தம்பதிக்கு ஒரு பக்கம், அதில அவையின்ர பிள்ளையள் எல்லாரும், சின்னனில செத்ததும் சேர்த்து, வயசு ஒழுங்கில. உங்கட நேர்ப் பூட்டனை மட்டும் எழுதிட்டு விட்டா பேந்து கஷ்டப்படுவீங்கள், ஏனெண்டு கீழ வரும். லப்டொப் இருந்தா கிராம்ப்ஸ் எண்ட சொப்ட்வெயார் நல்லம், இலவசம், நெட் இல்லாமலும் வேலை செய்யும், தமிழிலயே டைப் பண்ணலாம். பழைய பேப்பரை ஃபோனில ஸ்கேன் அப் ஒண்டை வச்சு எடுக்காதீங்கோ, சிலது கறுப்பு வெள்ளையாக்கி மங்கின மையை அழிச்சுப்போடும். ஜன்னலடி வெளிச்சத்தில கமராவால எடுங்கோ.

இப்ப சங்கத்துக்கு வாறன். லண்டனில சொசைட்டி ஒஃப் ஜீனியாலஜிஸ்ட்ஸ் 1911இல இருந்து இருக்குது. அமெரிக்காவில ஜீனியாலஜிக்கல் சொசைட்டி ஒஃப் யூட்டா 1894இல தொடங்கினது, இப்ப அதுதான் ஃபமிலிசேர்ச் எண்ட இணையத்தளம். அவையின்ர நூலகத்து கட்டலொக்கை இங்க இருந்தே பார்க்கலாம், எக்கவுண்டுக்கு காசு இல்லை. அதில ஆளின்ர பேரைப் போட்டுத் தேடாதீங்கோ, இடத்தின்ர பேரைப் போடுங்கோ. அங்க எல்லாம் குடும்பப்பேரை வச்சுத்தான் ஒழுங்குபடுத்தினது, எங்களுக்கு குடும்பப்பேர் எங்க இருக்கு, தகப்பன்ர பேர்தானே முன்னுக்கு நிக்குது. அம்மம்மாவின்ர குடும்பப்பேர் எண்டு நீங்கள் நினைக்கிறது அவவின்ர மனிசன்ர பேராயிருக்கும். கந்தையா எண்ட ஒரு பேரையே இங்கிலீசில "கே"யிலயும் தொடங்குவினம் "சி"யிலயும் தொடங்குவினம், நடுவில "டி" போடுறவையும் இருக்கினம் "டிஎச்" போடுறவையும் இருக்கினம். எல்லாத்தையும் கொப்பியில முன்கூட்டியே எழுதி வையுங்கோ. சிலோன் எண்டும் தேடுங்கோ, ஸ்ரீலங்கா எண்டும் தேடுங்கோ. கட்டலொக்கில கமரா அடையாளத்துக்கு மேல சாவிப் படம் ஒண்டு போட்டிருந்தா அந்தப் படங்களை வீட்டில இருந்து பார்க்கேலாது, அவையின்ர சென்டருக்கோ இணைஞ்ச நூலகத்துக்கோ ஆராவது போகவேணும்.

கட்டலொக்கில கொழும்பு டச்சு ரிஃபோம்ட் சேர்ச் பதிவுகள் 1677இல இருந்து கிடக்குது, எங்கட பூட்டனுக்கு அது உதவேல்லை. உதவினது சங்கத்தில இருந்த ஆக்கள்.

இந்த இடத்திலதான் நான் மாட்டுப்பட்டது. இலங்கையில பிறப்பு இறப்புப் பதிவு 1867இல தொடங்கி 1897இல கட்டாயமாக்கினது, அப்ப 1898இல பிறந்த பூட்டன் பதிவுப் புத்தகத்தில இருக்கத்தானே வேணும் எண்டு நான் நம்பிக்கையா பிறப்புப் பதிவுப் பிரதிக்கு விண்ணப்பம் போட்டன். பதிவு நம்பரும் திகதியும் தெரியாட்டி ரெண்டு வருசத்துக்குத் தேடித் தருவினம். 1897–98 கேட்டன், இல்லை எண்டு வந்தது. 1899–1900 கேட்டன், அதுவும் இல்லை. அதோட விட்டிட்டன், ஆறு மாசம் கொப்பியைத் திறக்கவே மனம் வரேல்லை.

லண்டனில இருக்கிற மச்சாள் அவ இருக்கிற பக்கத்துக் குடும்ப வரலாற்றுச் சங்கம் ஒண்டின்ர புதியாக்கள் கூட்டத்துக்குப் போறன் எண்டு சொன்னவ, நான் கொப்பிப் பக்கங்களை வாட்சப்பில அனுப்பினன். அங்க உதவிக்கு இருந்த ஒரு வயசான மனிசி அதைப் பார்த்திட்டு ரெண்டு கேள்விதான் கேட்டவவாம். உங்கட ஊரில பிள்ளைக்கு எத்தினையாம் நாள் பேர் வைக்கிறது? 1898 எண்டு ஆர் சொன்னது, அவரோ, அவரின்ர மகனோ?

முப்பத்தொண்டில பேர் வைக்கிற சனம் நாங்கள். அதுக்கு முதலே பிறப்பைப் பதிஞ்சிருந்தா? வருசமும் மகன் வாய்க்கணக்கில சொன்னதுதானே.

இந்த முறை பூட்டன்ர பேரை எழுதேல்லை. தகப்பன் பேர், தாய் பேர், ஊர், ஆண் பிள்ளை எண்டு மட்டும் எழுதி திரும்பவும் 1899–1900 கேட்டன். வந்தது. பேர்க் கட்டத்தில ஒரு கோடு மட்டும் இழுத்திருந்தது. கையில வச்சுக்கொண்டு கனநேரம் இருந்தன்.

இது அவர்தான், தம்பி இல்லை எண்டு எப்பிடித் தெரியும் எண்டு கேப்பீங்கள். அதுக்குத்தான் எல்லாப் பிள்ளையளையும் எழுதச் சொன்னது. மூத்தவர் 1895, அடுத்த பெட்டை 1902, நடுவில பூட்டன் மட்டும்தான். கொப்பிப் பக்கத்தில ஒரு பிள்ளை விடுபட்டிருந்தாலும் இந்த முடிவுக்கு வந்திருக்கேலாது.

ஆகவே சங்கத்துக்கு நீங்கள் போனாலும் சொந்தக்காரரை அனுப்பினாலும் "எங்கட குடும்பத்தைத் தேடித் தாங்கோ" எண்டு கேக்காதீங்கோ, அப்பிடிக் கேட்டா அவையால ஒண்டும் செய்யேலாது. கொப்பிப் பக்கம், எங்கெங்க தேடினது, எங்க இல்லையெண்டு வந்தது, ஒரேயொரு கேள்வி. போக முதல் திறக்கிற நேரமும் கட்டணமும் பாருங்கோ. பேனையை வீட்டில வச்சிட்டு பென்சில் கொண்டு போங்கோ, பழைய ஆவணம் வாசிக்கிற இடங்களில பேனை விடமாட்டினம்.

பிந்திச் சேர்த்தது: பாலையூற்றில இருந்து ஒரு தங்கச்சி எழுதியிருந்தா, தன்ர அம்மம்மா பறங்கி, அதாவது ஐரோப்பியர் வழி வந்தவ, டச்சு பேகர் யூனியன் எண்ட பறங்கியளின்ர சங்கத்துச் சஞ்சிகையில குடும்பம் இருக்குது ஆனா அம்மம்மாவோட நிண்டிட்டுது எண்டு. அந்தச் சங்கம் 1908இல தொடங்கினது, ஆண்வழியை வச்சுத்தான் அங்கத்துவம் குடுத்தவை, அதால பெண்பிள்ளையளின்ர கோடு கலியாணத்தோட முடிஞ்சிடும். தங்கச்சி, அந்தக் கலியாணத் திகதியை எடுத்துக்கொண்டு கோயில் விவாகப் புத்தகத்தில சாட்சிக்காரரின்ர பேரைப் பாருங்கோ, அநேகமா சொந்தக்காரராத்தான் இருப்பினம்.

இன்னொருத்தர் 2004 சுனாமியில ஒரு பேப்பரும் மிஞ்சேல்லை எண்டு எழுதியிருந்தார். அண்ணை, உங்கட கூடப்பிறந்த ஆரின்ரயாவது சேர்டிபிக்கட் பிரதியை பிரதேச செயலகத்தில எடுங்கோ, பாட்டனார் கட்டம் அதிலயும் இருக்கும். அங்க கிடைக்காட்டி பதிவாளர் நாயகம் திணைக்களத்தில கேளுங்கோ, பேர் இல்லாமலும் ஒருக்கா கேளுங்கோ.