ஒரு தமிழ்ச் சொல்லுக்கு இரண்டு ஆங்கிலச் சொல் இருந்தால்: நாம் தடுமாறும் இடங்கள்

'வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பிவிடுகிறேன்' என்பதை ஆங்கிலத்தில் எழுதும்போது நம்மில் பலர் 'வித்தின் ஃப்ரைடே' என்று எழுதிவிடுகிறோம். '-க்குள்' என்றால் வித்தின் என்று படித்தது அப்படியே கையில் வந்துவிடுகிறது. ஆனால் வித்தின் என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு கால அளவு வர வேண்டும்: இரண்டு நாள், ஒரு மணி நேரம், ஒரு வாரம். வெள்ளிக்கிழமை, 5 மணி, மார்ச் 31 என்பவை அளவுகள் அல்ல, குறிப்பிட்ட நாளும் நேரமும். அவற்றுக்கு முன்னால் 'பை' போட வேண்டும். 'வித்தின் டூ டேஸ்' சரி, 'பை ஃப்ரைடே' சரி.

இதே இடத்தில் 'அன்டில் ஃப்ரைடே' என்று எழுதுகிறவர்களும் உண்டு. அன்டில் என்பது 'வரை'. ஒரு வேலை அதுவரை தொடர்ந்து நடக்கிறது என்பதைத்தான் அது சொல்லும். 'ஐ வில் வொர்க் ஆன் இட் அன்டில் ஃப்ரைடே' என்று மெயில் போட்டால் வெள்ளி வரை அதில் உட்கார்ந்திருப்பேன் என்று அர்த்தம், முடித்துக் கொடுப்பேன் என்ற உறுதி அதில் இல்லை. விண்ணப்பத்தை வைத்து யோசித்தால் தெளிவாகிவிடும். அலுவலகம் மார்ச் 31 வரை விண்ணப்பம் வாங்கிக்கொண்டே இருக்கும், அது அன்டில். நாம் மார்ச் 31-க்குள் ஒரு தடவை கொடுத்தாக வேண்டும், அது பை. தமிழில் 'வரை', '-க்குள்' இரண்டையும் நாம் குழப்பிக்கொள்வதே இல்லை. ஆங்கிலத்துக்குப் போகும்போது அந்தத் தெளிவைக் கூடவே எடுத்துப் போனால் போதும்.

இந்தத் தவறுகளுக்கெல்லாம் இலக்கணம் தெரியாததுதான் காரணம் என்று நான் நினைக்கவில்லை. ஆங்கிலச் சொல் ஒரு பக்கம், தமிழ்ப் பொருள் மறுபக்கம் என்று கோடு போட்டு எழுதிப் படித்திருக்கிறோம். ஒரு தமிழ்ச் சொல்லின் வேலையை ஆங்கிலம் இரண்டு மூன்று சொல்லுக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிற இடங்களில் அந்தப் பட்டியல் கைவிட்டுவிடுகிறது.

'சந்தேகம்' அப்படி ஒரு சொல். வகுப்பில் கை தூக்கி 'சார், ஐ ஹேவ் எ டவுட்' என்பது நம் ஊரில் இயல்பான பேச்சு, புரியாததைக் கேட்கப்போகிறோம் என்று எல்லோருக்கும் தெரியும். வெளிநாட்டு மேலாளருக்கு 'ஐ ஹேவ் எ டவுட் அபவுட் யுவர் பிளான்' என்று எழுதினால் கதை வேறு. உங்கள் திட்டம் தேறும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை என்றுதான் அவர் படிப்பார். விளக்கம் கேட்பதற்கு 'கொஸ்டின்' போதும். இதில் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. சில சந்தேகங்கள் இருக்கின்றன என்று சொல்ல நினைத்து 'ஐ ஹேவ் ஃபியூ டவுட்ஸ்' என்று எழுதுகிறோம். 'எ' இல்லாத ஃபியூ 'அநேகமாக இல்லை' என்ற பக்கம் சாயும். அதனால் அந்த வாக்கியம் 'எனக்குச் சந்தேகம் என்று பெரிதாக எதுவும் இல்லை' என்று ஆகி, பதில் வராமலே போகலாம். 'எ ஃபியூ கொஸ்டின்ஸ்' என்று எழுதுங்கள். 'லிட்டில்', 'எ லிட்டில்' இரண்டுக்கும் இதே கணக்கு.

அடுத்தது 'எதிர்பார்க்கிறேன்'. வேலைக்கு விண்ணப்பிக்கும் கடிதத்தின் கடைசி வரியில் 'ஐ ஆம் எக்ஸ்பெக்டிங் யுவர் ரிப்ளை' என்று எழுதுகிறார்கள். எழுதியவர் பணிவாகத்தான் எழுதியிருப்பார். ஆனால் எக்ஸ்பெக்ட் என்றால் வந்தே தீரும் என்று கணக்கு வைத்திருப்பது. ஆளிடம் சொல்லும்போது, 'நீ செய்தாக வேண்டும்' என்ற தொனியும் ஏறிவிடும். மேலதிகாரி தன் கீழ் வேலை செய்பவரிடம் சொல்லலாம், வேலை கேட்பவர் சொன்னால் உறுத்தும். அங்கே 'ஐ லுக் ஃபார்வர்ட் டு ஹியரிங் ஃப்ரம் யூ' என்பதுதான் வழக்கம். நடக்க வேண்டும் என்ற ஆசை மட்டும் இருந்தால் 'ஹோப்'. ரயிலை எதிர்பார்த்து நிலையத்தில் காத்து நிற்பதற்கு 'வெயிட்'.

'ஞாபகம்' கொஞ்சம் எளிது. நமக்கு ஞாபகம் இருந்தால் ரிமெம்பர், இன்னொருவருக்கு ஞாபகப்படுத்தினால் ரிமைண்ட். 'நாளைக்கு எனக்கு ஞாபகப்படுத்து' என்பதை 'ரிமெம்பர் மீ டுமாரோ' என்று சொன்னால், 'நாளை என்னை நினைத்துக்கொள்' என்று ஆகிவிடும்.

'கேள்', 'பார்' இரண்டுக்கும் பதில் தமிழிலேயே இருக்கிறது. காதில் விழுந்தால் ஹியர், காது கொடுத்துக் கேட்டால் லிசன். கண்ணில் பட்டால் சீ, திரும்பிப் பார்த்தால் லுக், உட்கார்ந்து மேட்ச் பார்த்தால் வாட்ச். போனில் குரல் கேட்கிறதா என்று கேட்க 'கேன் யூ ஹியர் மீ'. 'ஆர் யூ லிசனிங்' என்றால் கவனிக்கிறாயா என்று அதட்டுவது போல இருக்கும்.

கடைசியில் 'லி' சேர்ந்தால் பொருளே மாறிவிடுகிற சொற்களில் நான் மிகவும் பயப்படுவது 'ஹார்ட்லி'. ஸ்லோ, ஸ்லோலி ஆகிறது, அதனால் ஹார்ட் ஹார்ட்லி ஆகும் என்று நினைப்பது நியாயம்தான். ஆனால் கடினமாக உழைத்தார் என்பதற்கும் ஹார்ட் தான். ஹார்ட்லி என்றால் 'அரிதாக', 'இல்லை என்றே சொல்லலாம்'. ஒரு மாணவருக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதும் ஆசிரியர் 'ஹி ஹார்ட்லி வொர்க்ட்' என்று எழுதினால், அந்தப் பிள்ளை வேலையே செய்யவில்லை என்று சான்றிதழ் கொடுத்தது போல. 'லேட்', 'லேட்லி' ஜோடியும் இப்படித்தான்: லேட்லி என்றால் தாமதமாக அல்ல, சமீப காலமாக.

'ஸ்டேஷனரி' உச்சரிப்பில் ஒன்று, எழுத்தில் இரண்டு. நகராமல் நிற்பதற்கு 'ஏ-ஆர்-ஒய்', காகிதம் பேனாவுக்கு 'ஈ-ஆர்-ஒய்'. இரண்டும் ஒரே லத்தீன் வேரில் பிறந்தவை. தலையில் சுமந்து ஊர் ஊராக விற்காமல், ஓரிடத்தில் கடை போட்டுப் புத்தகம் விற்றவரைத்தான் ஐரோப்பாவில் ஸ்டேஷனர் என்று அழைத்தார்கள். லண்டனில் அவர்களுடைய சங்கத்துக்கு 1557-இல் அரச சாசனமே கிடைத்தது. ஸ்டேஷனரில் 'ஈ-ஆர்' இருக்கிறது, அவர் விற்கிற பொருளிலும் 'ஈ-ஆர்' என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

உயிருக்கே ஆபத்தான குழப்பம் 'இன்ஃபிளேமபிள்'. பெட்ரோல் டேங்கர் லாரிகளின் பின்புறம் இந்தச் சொல்லைப் பார்த்திருப்பீர்கள். இன்கரெக்ட், இன்விசிபிள் போலத் தொடக்கத்தில் வரும் 'இன்' இதிலும் மறுப்பு என்று எடுத்துக்கொண்டால், 'தீப்பிடிக்காதது' என்று நேர் எதிராகப் புரிந்துகொள்வோம். இங்கே 'இன்' மறுப்பு அல்ல. தீ மூட்டுவது என்ற பொருள் கொண்ட லத்தீன் வினையிலிருந்து முழுச் சொல்லாகவே வந்தது. எளிதில் தீப்பிடிக்கும் என்பதுதான் பொருள். 'ஃபிளேமபிள்' என்றாலும் அதேதான். தீத்தடுப்புத் துறையினர் இந்தக் குழப்பத்துக்குப் பயந்துதான் எச்சரிக்கைப் பலகைகளில் ஃபிளேமபிள் என்ற வடிவத்தை வலியுறுத்தினார்கள். தீப்பிடிக்காததற்கு 'நான்-ஃபிளேமபிள்'. பெயின்ட், தின்னர், ஸ்பிரே டப்பா வாங்கும்போது இந்த ஒரு சொல்லை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்துவிடுங்கள்.

'இன்வேல்யுவபிள்' என்பதில் 'இன்' மறுப்புதான், ஆனாலும் அது மட்டம் தட்டும் சொல் இல்லை. மதிப்புப் போட முடியாத அளவு பெரியது என்று பொருள், நாம் 'விலைமதிப்பற்ற உதவி' என்று சொல்வோமே, அதே மாதிரி. பிரைஸ்லெஸ்ஸும் இந்த வகைதான். ஒன்றுக்கும் உதவாதது என்று சொல்ல வேண்டும் என்றால் அதற்கு 'வொர்த்லெஸ்' தனியாக இருக்கிறது.