பச்சைப் பெயின்ட் போன்ற குளத்து நீர்: நாயை இறக்கும் முன்
வெயில் ஏறி, காற்று அடங்கிய நாட்களில் குளத்து நீர் பச்சைப் பெயின்ட் கொட்டியதுபோல் தெரிந்தால் நாயின் கயிற்றை இழுத்துப் பிடியுங்கள். குச்சியை விட்டுப் பாருங்கள். முடிபோல் இழையிழையாகத் தொங்கினால் பெரும்பாலும் சாதாரணப் பாசி. பெயின்ட்போல் ஒட்டினால் நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம் (பெயர்தான் பாசி, உண்மையில் பாக்டீரியா). காற்று இந்தப் பாசிப் படலத்தை ஒதுக்கும் கரைதான் மோசம். நாய் குடிப்பதும் அங்கேதான்.

இறங்கிவிட்டதா? ரோமத்தை நக்க விடாமல், கையுறை போட்டு, குழாய்த் தண்ணீரில் உடனே அலசுங்கள். இந்தப் பாக்டீரியாவின் நஞ்சுகளில் மைக்ரோசிஸ்டின் ஈரலைத் தாக்கும்: வாந்தி, வயிற்றுப்போக்கு, வெளுத்த ஈறு. அனடாக்சின் நரம்பைத் தாக்கும்: எச்சில், நடுக்கம், வலிப்பு, சில நிமிடங்களிலேயே உயிர் போகலாம். மாற்று மருந்து கிடையாது. அறிகுறிக்குக் காத்திராமல் கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அந்த நீரைக் கொதிக்க வைத்தாலும் நஞ்சு போகாது.