புயல் ஓய்ந்த வீட்டில் தீ: நாம் செய்யும் தவறுகள்

தானே புயல் 2011 டிசம்பர் 30 காலையில் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரையேறியது. கடலூரை ஒட்டிய எங்கள் ஊரில் முருங்கை, தென்னை, மின்கம்பம் என்று நின்றதெல்லாம் சாய்ந்துவிட்டது. எங்கள் வீட்டுக்கு நாற்பது ஓடு போனதோடு சரி. தப்பித்தோம் என்றுதான் நினைத்தோம். வீடு எரியப் பார்த்தது அதற்கு நாலாம் நாள் இரவு.

கரண்ட் இல்லை. கூடத்தில் பிளாஸ்டிக் ஸ்டூல் மேல் மெழுகுவர்த்தி ஏற்றிவைத்துவிட்டு எல்லோரும் அசதியில் தூங்கிவிட்டோம். வர்த்தி அடிவரை எரிந்து, ஸ்டூலின் நடுவில் குழி விழுந்து, அந்த உருகிய பிளாஸ்டிக்கோடு சேர்ந்து சாய்ந்திருக்கிறது. மழையில் நனைந்த துணிகளை வீட்டுக்குள்ளேயே கொடி கட்டிக் காயப் போட்டிருந்தோம். தொங்கிய போர்வையின் நுனி பிடித்துக்கொண்டது. பாட்டி இருமி எழுந்ததால்தான் தெரிந்தது. தண்ணீர் உள்ளே வராமல் வாசற்படியில் போட்டிருந்த ஈரக் கோணியை அம்மா இழுத்து வந்து அதன்மேல் போட்டு அமுக்கினார். மூன்று நிமிடம் இருக்கும். சுவரில் அந்தக் கரி இரண்டு வருடம் இருந்தது.

புயலுக்கான ஏற்பாடு தனி, தீக்கான ஏற்பாடு தனி என்று பிரித்துப் பார்ப்பதுதான் நாம் செய்யும் பெரிய தவறு என்று அன்றிலிருந்து எல்லோரிடமும் சொல்லி வருகிறேன். கரண்ட் போகிறது, திறந்த சுடர் வீட்டுக்குள் வருகிறது, துணிகள் கொடியில் ஏறுகின்றன, ஜெனரேட்டரும் பெட்ரோல் கேனும் வாசலுக்கு வருகின்றன, தெருவில் மரம் விழுந்து கிடப்பதால் தீயணைப்பு வண்டி வரத் தாமதமாகும். புயலை ஒட்டிய அந்தப் பத்து நாளில்தான் வீடு தீக்கு மிக அருகில் இருக்கிறது.

மெழுகுவர்த்தியில் தொடங்குகிறேன். புயல் அறிவிப்பு வந்ததும் நாம் கடைக்குப் போய் முதலில் வாங்குவது அதைத்தான். வாங்க வேண்டியது சார்ஜ் விளக்கும், டார்ச்சும், அதற்கு இரண்டு செட் பேட்டரியும். வர்த்தி ஏற்றியே ஆக வேண்டுமென்றால் ஒரு எவர்சில்வர் தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் டம்ளரைக் கவிழ்த்து, அதன்மேல் நிற்கவையுங்கள். சாய்ந்தாலும் தண்ணீரில் விழும். படுக்கும்போது ஒருவர் எழுந்து அணைத்துவிட்டுப் படுக்க வேண்டும். கொசுவர்த்திச் சுருளுக்கும் இதே கவனம் தேவை. கட்டிலுக்கு அடியில் வைத்தால் தொங்கும் போர்வை அதன்மேல் படும்.

கரண்ட் திரும்பி வரும் நேரம்

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பலருக்கும் இது தெரியாது.

தெருவில் போகும் மும்முனை லைனில், கரண்ட் வரும் மூன்று கம்பிகளில் ஒன்றான ஃபேஸுக்கும், அது திரும்பிப் போகும் கம்பியான நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட் இருக்கும். நம் வீட்டுக்கு வருவது அதுதான். இரண்டு ஃபேஸ்களுக்கு இடையே இருப்பதோ ஏறக்குறைய 400 வோல்ட். புயலில் நியூட்ரல் கம்பி அறுந்தோ தளர்ந்தோ இருந்து, அது தெரியாமல் சப்ளை கொடுத்தால், சில வீடுகளுக்கு 230க்குப் பதிலாக 300, 350 என்று ஏறிப் போகும். எங்கள் எதிர்வீட்டில் பார்த்தேன். கரண்ட் வந்ததும் பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடிவந்தார்கள். குண்டு பல்பு கண் கூசும் வெள்ளையாக எரிந்தது, ஃபேன் பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி சுற்றியது, அடுத்த நொடி டிவியின் பின்னாலிருந்து புகை. அந்த வீட்டு அண்ணன் ஓடிப்போய் மெயினை இறக்கியதால் டிவியோடு போயிற்று.

ஆகவே, கரண்ட் போனதும் மெயின் சுவிட்சை இறக்கிவிடுங்கள். ஃபிரிட்ஜ், டிவி, மோட்டார் எல்லாவற்றின் பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். தெருவில் விளக்கு எரிந்தாலும் கால் மணி நேரம் பொறுத்து, ஒரே ஒரு பல்பை மட்டும் போட்டுப் பாருங்கள். வழக்கத்தைவிடப் பளிச்சென்று எரிந்தாலோ மங்கி மங்கி எரிந்தாலோ உடனே அணைத்துவிட்டு மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு (94987 94987) சொல்லுங்கள். சுவரில் ஓதம் ஏறியிருந்தால், சுவிட்ச் போர்டுக்குள் தண்ணீர் போயிருந்தால், எலக்ட்ரீஷியன் பார்க்காமல் மெயினை ஏற்றவே கூடாது.

ஃபியூஸ் போனால் கையில் கிடைத்த தடித்த செம்புக் கம்பியைச் சுற்றிவிடுவது நம் ஊரில் பழக்கம். ஃபியூஸ் இருப்பதே அதிகமான கரண்ட் வரும்போது தான் எரிந்து வீட்டைக் காப்பாற்றத்தான். தடித்த கம்பி எரியாது, அதற்குப் பதிலாகச் சுவருக்குள் இருக்கும் வயர் எரியும். மெயின் போர்டில், கரண்ட் அதிகமானால் தானாக இறங்கும் எம்சிபியும், கரண்ட் கசிந்தால் இறங்கும் 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபியும் போடச் சொல்லுங்கள். ஈரச் சுவரில் கை வைத்துத் தூக்கி அடிபடாமல் காப்பது இரண்டாவதுதான்.

ஜெனரேட்டர் பற்றி ஒன்று. தானே வந்தபோதும், 2018இல் கஜா வந்தபோதும், குட்டி வண்டியில் ஜெனரேட்டரை ஏற்றி வந்து வீடு வீடாகத் தொட்டி நிரப்பித் தந்தார்கள். அது பெரிய உதவி. மெயினை இறக்காமல் வீட்டு வயரிங்கில் அதைக் கோத்துவிட்டால், கரண்ட் சர்வீஸ் வயர் வழியாகப் பின்னோக்கிப் போய், டிரான்ஸ்பார்மரில் ஏறி, 11,000 வோல்ட் லைனுக்கே போய்விடும். அங்கே லைன் செத்துக் கிடக்கிறது என்று நம்பி ஒரு லைன்மேன் கம்பியைப் பிடித்துக்கொண்டிருப்பார். மோட்டாரை மட்டும் தனி வயரில் கோக்கச் சொல்லுங்கள். ஜெனரேட்டரைத் திண்ணையிலோ ஜன்னலோரமோ வைக்கவும் கூடாது. அதன் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. தூங்குகிறவர் எழமாட்டார்.

சிலிண்டர்

சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு தரையாகப் பரவி மூலையிலும் மேடைக்கு அடியிலும் தங்கும். புயலுக்காக ஜன்னலையும் கதவையும் இறுக்கிச் சாத்தி, இடுக்கில் துணி வேறு அடைத்திருக்கும் வீட்டில் அது எங்கே போகும்? காற்று வலுக்கும் முன்பே சமையலை முடித்து, ரெகுலேட்டரை மூடிவிடுங்கள். அடுப்பின் திருகை மட்டும் மூடினால் போதாது. வெள்ளம் வரும் இடமென்றால் ரெகுலேட்டரைக் கழற்றி, நூலில் தொங்கும் அந்த பிளாஸ்டிக் மூடியைப் போட்டு, சிலிண்டரை நிமிர்த்தியபடி மேடான இடத்தில் கட்டிவையுங்கள். பாதி தீர்ந்த சிலிண்டர் தண்ணீரில் மிதக்கும்.

கேஸ் வாடை வந்தால் சுவிட்சைத் தொடக்கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் இருட்டில் கை தானாகச் சுவிட்சுக்குப் போகிறது. எரிகிற விளக்கை அணைப்பதும் தவறுதான், அணைக்கும்போதும் பொறி வரும். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, வெளியே போய் 1906க்கு அழையுங்கள். அது கேஸ் கசிவுக்கென்றே இருக்கும் எண்.

நாலு வருடமாக நீங்கள் பார்க்காத இரண்டு தேதிகள் அடுப்படியில் இருக்கின்றன. ஒன்று, ரப்பர் குழாயில் அச்சடித்திருப்பது. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். இன்னொன்று, சிலிண்டரின் கழுத்துப் பட்டையின் உட்புறத்தில் எழுதியிருப்பது. ஏ என்றால் மார்ச், பி ஜூன், சி செப்டம்பர், டி டிசம்பர். பக்கத்தில் இருப்பது ஆண்டு. பி-27 என்றால் 2027 ஜூனில் அந்தச் சிலிண்டரை மறுபடி சோதிக்க வேண்டும். தேதி தாண்டியிருந்தால் கொண்டு வந்தவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அதற்கு உங்களுக்கு உரிமை உண்டு.

எண்ணெய்ச் சட்டி தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தண்ணீர் கொதிக்கும் எண்ணெய்க்கு அடியில் போய் ஒரே நொடியில் ஆவியாகி ஏறக்குறைய 1,700 மடங்கு விரிகிறது. எரியும் எண்ணெயைக் கூரைவரை தூக்கி அடிக்கும். அடுப்பை அணையுங்கள், தட்டைப் போட்டு மூடுங்கள், ஆறும்வரை திறக்காதீர்கள். சட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடுவது ஊற்றுவதைவிட மோசம். தீயணைப்பான் வாங்கினால் ஏபிசி பவுடர் வகை வாங்கி, அடுப்புக்கு மேலே மாட்டாமல் அடுப்படி வாசலில் மாட்டுங்கள். தீயைத் தாண்டிப் போய் அதை எடுக்க முடியாது.

காற்று அடிக்கும்போது

தகரக் கூரைக்கு மேல் செங்கல்லையும் பாறாங்கல்லையும் அடுக்குகிறோம். மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டும் காற்றில் தகடு ஒரு முனையில் தூக்கினால் போதும், கல் தெருவில் போகிறவர் தலைக்குப் போகும். கூரை எப்போதும் ஓரத்திலிருந்துதான் பிய்யும். ஐப்பசி மழைக்கு முன்பே ஓரத் தகடுகளைப் பிடித்திருக்கும் ஜே போல்ட்டையும் வாஷரையும் பார்த்து, துருப்பிடித்ததை மாற்றுவதற்கு ஆகும் செலவு சொற்பம். கீற்றுக் கூரை என்றால் கயிற்றைக் குறுக்கே போட்டு முளை அடித்துக் கட்டுங்கள். மொட்டை மாடியில் இருக்கும் பிளாஸ்டிக் தொட்டியை முழுக்க நிரப்பிவையுங்கள். காலித் தொட்டி பறக்கும். நிரம்பிய தொட்டி உட்கார்ந்திருக்கும், நாலு நாள் புழங்கவும் தீ அணைக்கவும் தண்ணீராகும்.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா சென்னையைக் கடந்தபோது நடுவில் காற்று சட்டென்று அடங்கியது. புயல் போய்விட்டது என்று பலர் வெளியே வந்தார்கள். அது புயலின் கண். சிறிது நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து காற்று அடிக்கத் தொடங்கியது. முதல் காற்றில் ஒரு பக்கம் ஆடிப்போயிருந்த மரம் இந்தக் காற்றில்தான் விழும். காற்று மெல்ல மெல்லக் குறைந்தால் போய்விட்டது என்று அர்த்தம், சட்டென்று நின்றால் வீட்டுக்குள்ளேயே இருங்கள். அப்புறம், விடிந்ததும் அறுந்து கிடக்கும் கம்பியைக் குச்சியால் தள்ளிவிடாதீர்கள், வழி ஏற்படுத்தும் வேலையை ஈ.பி. ஆட்களிடம் விட்டுவிடுங்கள்.

காகிதமும் சாவியும்

பத்திரம், பட்டா, ரேஷன் அட்டை எல்லாவற்றையும் பீரோவின் அடித்தட்டில் வைத்திருப்போம். வெள்ளம் முதலில் நனைப்பது அதைத்தான். பிளாஸ்டிக் உறையில் போட்டு மேல்தட்டுக்கு ஏற்றுங்கள், படம் எடுத்து வெளியூரில் இருக்கும் சொந்தக்காரர் ஒருவருக்கும் அனுப்பிவையுங்கள்.

காப்பீட்டில் மூன்று தவறுகளைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். வீட்டுக் கடன் வாங்கும்போது போட்ட இன்சூரன்ஸ் வீட்டைக் காக்கும் என்று நம்புவது ஒன்று. பல நேரம் அது கடன் வாங்கியவரின் உயிருக்குப் போட்டது, பாலிசியை எடுத்துப் படியுங்கள். இரண்டாவது, மனையின் விலையையும் சேர்த்துத் தொகையை ஏற்றுவது. மனை எரியாது. திருப்பிக் கட்ட என்ன ஆகும் என்பதே கணக்கு. 2021 ஏப்ரல் முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் விற்கும் பாரத் கிருஹ ரக்ஷா பாலிசியில் தீ, புயல், வெள்ளம் மூன்றும் அடங்கும். கட்டடத்துக்குப் போட்டால் வீட்டுச் சாமான்களுக்கு அதில் 20 சதவீதம், 10 லட்சம் ரூபாய் வரை, தானாகவே சேரும். நகைக்குத் தனியாகச் சேர்க்க வேண்டும். மின்னழுத்தம் ஏறிக் கருகிய டிவிக்கு அதில் பணம் வராது, அதிலிருந்து தீ பரவி மற்றவை எரிந்தால்தான் அவற்றுக்கு வரும். மூன்றாவது தவறு, மனசு பொறுக்காமல் உடனே கூட்டிப் பெருக்கிவிடுவது. படமும் வீடியோவும் எடுத்து, நிறுவனத்துக்குச் சொன்ன பிறகு துடைப்பத்தை எடுங்கள். தீ என்றால் தீயணைப்புத் துறையின் அறிக்கை வேண்டும், ஆகவே தீயை நீங்களே அணைத்துவிட்டாலும் 101க்குத் தகவல் சொல்லிவிடுவது நல்லது.

தீக்காயத்துக்குப் பேஸ்ட், இங்க், மாவு எதுவும் வேண்டாம். ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் காட்டி, சுத்தமான துணியால் மூடி ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கடைசியாகச் சாவி. திருட்டுக்குப் பயந்து வாசலில் கம்பிக் கதவு, அதற்குப் பூட்டு, எல்லா ஜன்னலுக்கும் கம்பி. இரவில் சாவி அப்பாவின் தலையணைக்கு அடியில். கூடத்தில் தீ என்றால் அந்தச் சாவியைத் தேடும் நேரத்தில் புகை கழுத்துவரை இறங்கிவிடும். கம்பிக் கதவுக்குப் பக்கத்தில், வெளியிலிருந்து கை எட்டாத தூரத்தில், ஆணி அடித்துச் சாவியை மாட்டுங்கள். பின்கதவை அரிசி மூட்டையால் அடைக்காதீர்கள். புகை இருந்தால் தவழ்ந்து போகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள், தரையோரம்தான் மூச்சுவிடக் காற்று இருக்கும். வெளியே வந்தவர் எதற்காகவும் உள்ளே திரும்பக்கூடாது.

நாங்கள் வருடாவருடம் ஐப்பசி பிறக்கும் முன் ஒரு ராத்திரி மெயினை இறக்கிவிட்டு, டார்ச் இல்லாமல், ஆளுக்கு ஒரு வாசல் வழியாக வெளியே வந்து பார்ப்போம். முதல் வருடம் கொல்லைக் கதவின் தாழ்ப்பாள் துருப்பிடித்து அசையவே இல்லை. பாட்டியால் அதைத் திறந்திருக்கவே முடியாது. மறுநாள் காலையில் தேங்காய் எண்ணெய் விட்டு, அதுவும் சரிப்படாமல், புதுத் தாழ்ப்பாள் வாங்கிப் போட்டோம். தொண்ணூறு ரூபாய்.