கிராஃபைட் பிளாங்க் ஒப்பிடும்போது எங்கே ஏமாறுகிறோம்?

ஸ்பின்னிங் ராடை, அதாவது ஸ்பின்னிங் ரீல் மாட்டுகிற மீன்பிடித் தூண்டில் கோலை, சொந்தமாகக் கட்ட ஆசைப்படுகிறவர்கள் முதலில் மாட்டிக்கொள்கிற இடம் பிளாங்க் தேர்வு. பிளாங்க் என்பது எதுவும் பொருத்தாத வெறும் கிராஃபைட் (கார்பன் இழை) குழாய். கைடு (நூல் ஓடும் வளையம்), ரீல் சீட் (ரீலை மாட்டும் இடம்), கார்க் கைப்பிடி எல்லாம் பிடிக்கவில்லை என்றால் பிரித்து மாற்றிக்கொள்ளலாம். பிளாங்க் தப்பாகப் போனால் மொத்த ராடும் போச்சு. ஆனால் பெரும்பாலானவர்கள் நான்கு கம்பெனிகளின் கேட்லாக்கைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அதில் அச்சிட்டிருக்கும் எண்களை மட்டும் பார்த்து முடிவெடுக்கிறார்கள். அந்த எண்களில் பாதி விளம்பரம்.

ஐஎம்6, ஐஎம்7, ஐஎம்8 என்பதையே எடுத்துக்கொள்வோம். 6-ஐ விட 8 உசத்தி என்று நினைப்பது இயல்புதான். ஆனால் இது தரவரிசை கிடையாது. அமெரிக்காவின் ஹெர்குலிஸ் நிறுவனம் தன்னுடைய கார்பன் இழைகளுக்கு வைத்த வியாபாரப் பெயர்கள் இவை. 1996-ல் அந்தத் தொழில் ஹெக்செல் நிறுவனத்தின் கைக்குப் போனது. ஐஎம்6, ஐஎம்7 இரண்டுக்கும் மாடுலஸ், அதாவது இழையின் விறைப்பு, 40 மில்லியன் பிஎஸ்ஐ (ஒரு சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) பக்கத்தில்தான் இருக்கிறது. ஐஎம்8 என்பது 45. வேறு ஏதோ இழையில் செய்த ராடின் மேல் ஐஎம்8 என்று அச்சடித்து விற்பவர்களும் உண்டு என்பதால், அந்த எழுத்துக்கு நான் எந்த மதிப்பும் கொடுப்பதில்லை.

அடுத்த குழப்பம் அலகில் வருகிறது. அமெரிக்கக் கம்பெனிகள் மாடுலஸை மில்லியன் பிஎஸ்ஐயில் சொல்கின்றன. ஜப்பானியக் கம்பெனிகள் டன்னில் சொல்கின்றன, அதாவது ஒரு சதுர மில்லிமீட்டருக்கு இத்தனை டன். இரண்டு பேரும் வெறுமனே '40' என்று போட்டுவிட்டால் வாங்குபவர் இரண்டும் ஒன்று என்று நினைத்துக்கொள்வார். டன்னை 1.42-ஆல் பெருக்கிப் பாருங்கள்: 24 டன் என்பது 34 மில்லியன், 30 டன் சுமார் 43 மில்லியன், 40 டன் 57 மில்லியன். திருப்பிப் போட்டால், அமெரிக்கக்காரரின் 40 மில்லியன் ஜப்பானியக் கணக்கில் வெறும் 28 டன்தான்.

சரி, அலகு புரிந்துவிட்டது, அதிக மாடுலஸ் உள்ளதை வாங்கிவிடலாமா? அங்கேயும் கொஞ்சம் நிதானம் வேண்டும். டோரே நிறுவனத்தின் டி700எஸ் இழை 24 டன் வகை. உடைவதற்கு முன் தன் நீளத்தில் 2.1 சதவீதம் வரை நீளும். அதே நிறுவனத்தின் எம்40ஜே ஏறக்குறைய 40 டன் வகை. அது 1.2 சதவீதத்திலேயே உடைந்துவிடும். விறைப்பு கூடினால் அதே வேலையைக் குறைந்த இழையில், மெல்லிய சுவரில் முடித்துவிடலாம், ராடு இலகுவாகும். ஆனால் படகின் விளிம்பில் ஒரு இடி, கல்லில் ஒரு உரசல் பட்டால் அந்த மெல்லிய சுவர் தாங்காது. பாறைக்கு நடுவில் நின்று வீசுகிறவருக்கு 30 டன் பிளாங்க்கே போதும் என்பது என் கருத்து.

அதோடு, '40 டன்' என்று எழுதியிருப்பதால் பிளாங்க் முழுவதும் 40 டன் இழை என்று அர்த்தமில்லை. ஒரே பிளாங்க்கில் இரண்டு மூன்று வகை இழைகளைக் கலந்து சுற்றுவது சாதாரணம். பிளாங்க் எப்படி வளையும் என்பதைத் தீர்மானிப்பதில் இழைக்குச் சமமாக அதன் விட்டமும் சரிவும் வேலை செய்கின்றன. சுவரின் தடிமன் மாறாமல் விட்டம் மட்டும் 10 சதவீதம் கூடினால், குழாயின் விறைப்பு மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். 24 டன்னிலிருந்து 30 டன்னுக்குப் போனாலும் 25 சதவீதம்தான் கூடுகிறது. ஆக, மாடுலஸைப் படித்துவிட்டு அடிவிட்டம், நுனிவிட்டம் எழுதிய பத்தியைத் தாண்டிப் போகிறவர் முக்கியமானதை விட்டுவிடுகிறார்.

ராடின் பலத்தையும் வளையும் விதத்தையும் சொல்லும் 'மீடியம் லைட், ஃபாஸ்ட்' என்ற பெயர்களும் இப்படித்தான். இவற்றுக்கு எல்லோரும் ஒத்துக்கொண்ட தரநிலை எதுவும் கிடையாது. ஒரு கம்பெனியின் மீடியம் லைட் இன்னொரு கம்பெனியின் மீடியமாக இருக்கலாம். 3.5 முதல் 10.5 கிராம் வரை லூர் (செயற்கை இரை) வீசலாம் என்று போட்டிருப்பதும் தயாரிப்பாளரின் அனுமானமே. ஒரே கம்பெனியின் வரிசைக்குள் ஒப்பிட இந்தப் பெயர்கள் உதவும். கம்பெனி மாறினால் உதவாது.

அப்படியானால் எப்படி ஒப்பிடுவது? வளைத்துப் பார்க்க வேண்டியதுதான். கடையில் அடியைப் பிடித்து ஆட்டுவதோ நுனியைக் கூரையில் அழுத்துவதோ அல்ல, அளந்து வளைப்பது. வில்லியம் ஹேன்மன் என்ற அமெரிக்கர் ஃப்ளை ராடுகளுக்காக (செயற்கை ஈயை வீசும் தூண்டில்) உருவாக்கிய 'காமன் சென்ட்ஸ்' முறை இதற்கு நன்றாகப் பொருந்தும். பிளாங்க்கின் அடியை மேசையில் படுக்கையாக இறுக்கிக்கொள்ளுங்கள். நுனியில் ஒரு சின்னப் பையைத் தொங்கவிட்டு, பிளாங்க்கின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு நுனி இறங்கும்வரை அமெரிக்க ஒரு சென்ட் நாணயங்களைப் போட்டுக்கொண்டே போங்கள். ஏழு அடி பிளாங்க் என்றால் நுனி சுமார் 71 சென்டிமீட்டர் இறங்க வேண்டும். எத்தனை நாணயம் விழுந்தது என்பதுதான் பவர், அதாவது பலம். அப்போது நுனி எத்தனை டிகிரி சாய்ந்திருக்கிறது என்பது ஆக்‌ஷன், அதாவது வளையும் விதம். கோணம் பெரிதானால் ஃபாஸ்ட், நுனிப் பக்கமே அதிகம் வளைகிறது. ஒரே பெயரில் விற்கும் இரண்டு பிளாங்க்கில் ஒன்று 60 நாணயத்துக்கும் மற்றொன்று 78-க்கும் இறங்கினால், இரண்டும் ஒரே ராடு அல்ல என்று தெரிந்துவிடும்.

1982-க்குப் பிந்தைய சென்ட் ஒவ்வொன்றும் 2.5 கிராம். நம்மூர் ஒரு ரூபாயை வைத்து இதைச் செய்யாதீர்கள்: 2011 வரிசை 3.79 கிராம், 2019 வரிசை 3.09 கிராம். கலந்து போட்டால் கணக்கு தப்பும். மணலை நிரப்பி சமையலறைத் தராசில் எடை பார்ப்பது சுலபம். இரண்டு பிளாங்க்கையும் ஒரே இடத்தில், ஒரே நீளம் வெளியே நிற்கும்படி இறுக்கியிருக்கிறீர்களா என்று மட்டும் பாருங்கள். பின்னால் சுவரில் ஒரு தாளை ஒட்டி வளைவைப் பென்சிலால் வரைந்துகொண்டால், எந்த இடத்தில் வளையத் தொடங்குகிறது என்பதும் கிடைக்கும். அது எந்தக் கேட்லாக்கிலும் இல்லாத தகவல்.

எடையைப் பார்த்து ஏமாறுவதும் உண்டு. அடியில் இருக்கும் இரண்டு கிராம் கைக்குத் தெரியவே தெரியாது. நுனியில் இருக்கும் இரண்டு கிராம் தெரியும். பளபளவென்று பெயின்ட் அடித்த பிளாங்க்கையும் பூச்சே இல்லாமல், சுற்றி இறுக்கிய டேப்பின் வரி தெரிகிற பிளாங்க்கையும் தராசில் வைத்து ஒப்பிடுவதில் பொருள் இல்லை. அப்புறம், கைடுகளையும் அவற்றின் கட்டுக்கு மேல் எபாக்ஸிப் பூச்சையும் ஏற்றிய பிறகு எந்த பிளாங்க்கும் கொஞ்சம் மந்தமாகும். அதனால் இரண்டு பிளாங்க்கையும் சோதிக்கும்போது ஒரே கைடு செட்டை டேப் ஒட்டி மாற்றி மாற்றிப் பாருங்கள். ஒன்றில் டைட்டானியம் கைடு, மற்றொன்றில் ஸ்டீல் கைடு போட்டுவிட்டு பிளாங்க்கைக் குறை சொல்லக் கூடாது.

ஸ்பைன், அதாவது பிளாங்க்கின் ஒரு பக்கம் மற்றதைவிட விறைப்பாக இருப்பது பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். ஸ்பின்னிங் ராடில் கைடுகள் கீழே தொங்குவதால் ராடு தானாகவே முறுக்காமல் நிற்கும். பிளாங்க் எந்தப் பக்கம் நேராகத் தெரிகிறதோ அந்தப் பக்கத்தில் கட்டுங்கள்.

'நீளம் கூடியதை வாங்கி வெட்டிக்கொள்ளலாம்' என்று ஒப்பிடுகிறவர்கள் எங்கே வெட்டப்போகிறோம் என்று யோசிப்பதில்லை. நுனியில் ஆறு அங்குலம் போனால் இலகுவான லூரை வீசவைக்கும் மெல்லிய பகுதியே போய்விடும். அடியில் வெட்டினால் சேதம் குறைவு. இந்தியாவுக்கு வரவழைக்கிறவர்கள் கூரியர் செலவுக்குப் பயந்து ஏழு அடி ஒற்றைத் துண்டுக்குப் பதில் இரண்டு துண்டு பிளாங்க் எடுக்கலாம். நல்ல இணைப்பு உள்ளதில் வளைவு பெரிதாகக் கெடாது. ஆனால் ஒற்றைத் துண்டுக்குப் போட்டிருக்கும் விட்டத்தையும் எடையையும் அதே பெயருள்ள இரண்டு துண்டுக்கும் பொருத்திப் பார்க்காதீர்கள்.

பார்சல் வந்ததும் தட்டையான மேசையில் உருட்டிப் பாருங்கள், வெளிச்சத்தில் வெடிப்பு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். குறை இருந்தால் வெட்டுவதற்கும் பசை போடுவதற்கும் முன்பே விற்றவருக்குச் சொல்லிவிடுங்கள். அதற்கப்புறம் மாற்றித் தரச் சொல்லிக் கேட்பது கஷ்டம்.