கூகுள் அப்டேட்டில் தளம் இறங்கிவிட்டதா? மருத்துவம், பணம் பற்றி எழுதுபவர்களுக்கு ஒரு செய்முறை

2024 டிசம்பரில் ஒரு காலை பாபநாசத்திலிருந்து போன். "தம்பி, சைட்டை யாரோ ஹேக் பண்ணிட்டாங்க போல. ஆளே வரலை."

பேசியவர் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பயிர்க் கடன், பயிர்க் காப்பீடு, நகைக்கடன் இதையெல்லாம் விவசாயிகளுக்குப் புரிகிற தமிழில் எழுதி ஒரு தளம் நடத்துகிறார். கும்பகோணத்தில் உட்கார்ந்து நான் பார்த்துக்கொள்ளும் சில தளங்களில் அதுவும் ஒன்று. யாரும் ஹேக் பண்ணவில்லை. "அப்ப கூகுள் அப்டேட்டா? மருமகன் அப்படித்தான் சொல்றார்" என்றார். அதுவும் இல்லை. அதை எப்படிக் கண்டுபிடித்தோம் என்பதைத்தான் எழுதுகிறேன். தளம் கூகுள் தேடலில் எப்படித் தெரிகிறது என்று அதை நடத்துபவருக்குக் காட்டும் கூகுளின் இலவசக் கருவிதான் சர்ச் கன்சோல். அதை ஒரு தடவைகூடத் திறந்து பார்க்காதவரும் செய்யலாம்.

முதலில் கொஞ்சம் பின்னணி. கூகுள் ஆண்டுக்குச் சில முறை தன் தேடல் முறையைப் பெரிய அளவில் மாற்றி, அதை அறிவிக்கவும் செய்யும். அதுதான் கோர் அப்டேட். 2018 ஆகஸ்ட் 1 அன்று அறிவித்த அப்டேட்டில் மருத்துவத் தளங்கள் ரொம்ப அடிவாங்கின. அதனால் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் அதற்கு 'மெடிக் அப்டேட்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். கூகுளோ, இது எல்லாத் துறைக்குமான பொது அப்டேட் என்றது.

ரசத்துக்குத் தப்பான அளவு எழுதினால் ரசம் கெடும், அவ்வளவுதான். இன்சுலினுக்குத் தப்பான அளவு எழுதினால்? ஆளையோ ஆஸ்தியையோ பாதிக்கக்கூடிய இப்படிப்பட்ட பக்கங்களைக் கூகுள் 'ஒய்.எம்.ஒய்.எல்.' என்று தனியாக வைத்துப் பார்க்கிறது. 'உன் பணம் அல்லது உன் உயிர்' என்று பொருள். வழிப்பறிக்காரன் வசனம் மாதிரி இருந்தாலும் அதுதான் அதன் விரிவு. இந்தப் பக்கங்களில் நம்பகத்தன்மைக்கு எடை கூடுதல். எழுதியவருக்கு அனுபவம் உண்டா, விஷயம் தெரிந்தவரா, மற்றவர்கள் அவரை மதிக்கிறார்களா, மொத்தத்தில் நம்பலாமா என்ற நான்கையும் சேர்த்து 'ஈ-ஈ-ஏ-டி' என்பார்கள். இதில் 'அனுபவம்' 2022 டிசம்பரில்தான் சேர்ந்தது. இதை வைத்துப் பக்கங்களை மதிப்பிட உலகெங்கும் ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் கொடுக்கும் மதிப்பெண் உங்கள் தளத்தை நேராக ஏற்றவோ இறக்கவோ செய்யாது. கூகுள் தன் தேடல் முறை சரியாக ஓடுகிறதா என்று பார்க்கத்தான் அது.

படி 1: கையைக் கட்டிக்கொண்டு இருங்கள்

மேட்டூரில் மதகைத் தூக்கிய அன்றே வேதாரண்யம் பக்கம் தண்ணீர் வந்துவிடுமா? அப்டேட்டும் அப்படித்தான், முழுதாகப் பரவ இரண்டு மூன்று வாரம் ஆகும். 2024 மார்ச்சில் வந்தது 45 நாள் இழுத்தது. நடுவில் ரேங்க் ஏறும், இறங்கும். அந்த நாட்களில் தலைப்பை மாற்றுவது, பக்கத்தை அழிப்பது எதுவும் வேண்டாம். அப்டேட் தொடங்கிய நாளும் முடிந்த நாளும் 'கூகுள் சர்ச் ஸ்டேட்டஸ் டாஷ்போர்டு' என்ற பக்கத்தில் இருக்கும். முடிந்த பிறகு ஒரு முழு வாரம் போகட்டும் என்று கூகுளே சொல்கிறது.

படி 2: தேதியை வைத்து ஒப்பிடுங்கள்

சர்ச் கன்சோலில் இடது பக்கம் 'பெர்ஃபார்மன்ஸ்' இருக்கும். உள்ளே போய்த் தேதியைத் தட்டி, 'கம்பேர்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அப்டேட் தொடங்குவதற்கு முந்தைய வாரம் ஒரு பக்கம், முடிந்ததற்கு அடுத்த முழு வாரம் மறுபக்கம். உதாரணமாக 2025 ஜூன் 30-ல் தொடங்கிய அப்டேட் ஜூலை 17-ல் முடிந்தது. அதற்கு ஜூன் 23 முதல் 29 வரை ஒன்று, ஜூலை 21 முதல் 27 வரை இன்னொன்று. இரண்டுமே திங்களில் தொடங்கி ஞாயிறில் முடிகின்றன, கவனியுங்கள். ஞாயிற்றுக்கிழமை வங்கி வட்டியைத் தேடுபவர்கள் குறைவு. கிழமை மாறினால் கணக்கு தப்பும்.

படி 3: கிளிக்கைப் பார்க்காதீர்கள், பொசிஷனைப் பாருங்கள்

மேலே நான்கு கட்டங்கள் தெரியும். முதல் இரண்டு, அதாவது கிளிக்கும் (தேடியவர் உங்கள் பக்கத்தைத் தட்டியது) இம்ப்ரெஷனும் (தேடல் முடிவில் உங்கள் பக்கம் காட்டப்பட்டது), ஏற்கெனவே டிக் ஆகி இருக்கும். நமக்கு வேண்டியது நான்காவது: 'ஆவரேஜ் பொசிஷன்', அதாவது தேடல் முடிவுகளில் பக்கம் சராசரியாக எத்தனையாவது இடத்தில் வந்தது என்பது. அதையும் தட்டி டிக் பண்ணுங்கள். பிறகு கீழே 'பேஜஸ்' தாவலுக்குப் போய் ஒவ்வொரு பக்கமாகப் பாருங்கள். எல்லாரும் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

செயலாளர் சார் தளத்தில் நடந்தது இது. 2024 நவம்பர் 11-ல் ஒரு கோர் அப்டேட் தொடங்கி டிசம்பர் 5-ல் முடிந்தது. சம்பா நெல்லுக்குப் பயிர்க் காப்பீடு செய்ய வழக்கமான கடைசி நாள் நவம்பர் 15. சில ஆண்டுகளில் கொஞ்சம் தள்ளிப்போகும். அந்த ஆண்டுக் கெடுவும் அப்டேட் நாட்களுக்குள்ளேயே வந்து போனது. அவருடைய காப்பீட்டுப் பக்கத்துக்கு இம்ப்ரெஷன் பாதாளத்துக்குப் போயிருந்தது. பொசிஷன் மட்டும் முன்பும் நாலு, பின்பும் நாலு. பக்கம் நின்ற இடத்திலேயே நிற்கிறது. தேட ஆள் இல்லை, அவ்வளவுதான். கெடு முடிந்தபின் பிரீமியம் ஒன்றரை சதவீதமா இரண்டு சதவீதமா என்று யார் தேடப்போகிறார்கள்? சந்தேகத்துக்கு முந்தைய ஆண்டின் அதே வாரங்களையும் எடுத்துப் பார்த்தோம். சர்ச் கன்சோல் 16 மாதக் கணக்கு வைத்திருக்கும். அங்கேயும் அதே சரிவு. மருமகனிடம் சொல்லச் சொன்னேன்.

சரி, எப்படிப் பிரிப்பது? இம்ப்ரெஷன் விழுந்து பொசிஷன் அப்படியே இருந்தால் அது பருவம். பொசிஷனும் இம்ப்ரெஷனும் அப்படியே இருந்து கிளிக் மட்டும் விழுந்தால், தேடல் பக்கத்தின் மேலேயே ஏ.ஐ. பதிலோ விளம்பரமோ வந்து உட்கார்ந்திருக்கலாம். போனில் தேடிப் பாருங்கள். பொசிஷனே இறங்கினால்தான் அப்டேட்டைச் சந்தேகிக்க வேண்டும். அதிலும் இரண்டிலிருந்து நாலுக்குப் போனது சின்ன இறக்கம், சும்மா விடுங்கள். நாலிலிருந்து இருபத்தொன்பதுக்குப் போனால் உட்கார்ந்து பார்க்க வேண்டியதுதான்.

இதோடு 'மேனுவல் ஆக்‌ஷன்ஸ்' பக்கத்தையும் ஒரு தடவை திறந்து பாருங்கள்; தளம் விதியை மீறியதாகக் கூகுள் ஆட்கள் முடிவு செய்தால் அங்கேதான் சொல்வார்கள். அங்கே எதுவும் இல்லை என்றால் உங்களுக்குத் தண்டனை இல்லை. கோர் அப்டேட்டில் இறங்குவது வேறு, தண்டனை வேறு.

படி 4: இறங்கிய பக்கத்தைப் பிரிண்ட் எடுங்கள்

ஸ்கிரீனில் பார்த்தால் தப்பு தெரியாது, என் அனுபவம். மயிலாடுதுறையில் ஒரு சித்த மருத்துவரின் தளத்தையும் நான்தான் பார்க்கிறேன். 2025 ஜூன் அப்டேட் முடிந்தபின் அவர் தளத்தின் சர்க்கரை நோய்ப் பக்கம் மூன்றாம் இடத்திலிருந்து இருபதுக்கும் கீழே போயிருந்தது. இது பருவம் இல்லை. சர்க்கரைக்கு ஏது பருவம்?

பிரிண்ட்டைக் கையில் கொடுத்தேன். புறநோயாளிகள் போன பிறகு சிவப்புப் பேனாவை எடுத்தார். தலைப்பு: 'பத்தே நாளில் சர்க்கரைக்கு முற்றுப்புள்ளி'. "இதை நான் எப்ப சொன்னேன் தம்பி?" என்றார். அவர் சொல்லவில்லை. கிளிக் வரட்டும் என்று வைத்தவன் நான். சர்க்கரை நோயைக் குணப்படுத்துவதாக மருந்து விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்கிறது என்பதையும் அவர்தான் சொன்னார். இரண்டாம் பக்கத்தில் 'மாத்திரையைப் படிப்படியாக நிறுத்திவிடலாம்' என்று ஒரு வரி. அதை இரண்டு முறை அடித்துவிட்டு ஓரத்தில் எழுதினார்: 'நிறுத்தக் கூடாது. பரிசோதனை முடிவைப் பார்த்து மருத்துவர் சொல்ல வேண்டும்.' எழுதியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'அட்மின்' என்று இருந்தது. உயிர் விஷயத்தை அட்மின் எழுதினால் யார் நம்புவார்கள்?

படி 5: திருத்துங்கள், ஆனால் தேதியை மட்டும் மாற்றி ஏமாற்றாதீர்கள்

அந்தப் பக்கத்தில் செய்தது: மருத்துவரின் பெயர், பட்டம், சித்த மருத்துவக் கவுன்சில் பதிவு எண், கடைசியாக அவர் சரிபார்த்த நாள். அதைவிட முக்கியமானது, அவர் சொல்லச் சொல்ல எழுதிய இரண்டு பத்தி. ஆவாரைக் குடிநீரைக் காலையில் குடித்துவிட்டு மூன்று வேளையும் தட்டு நிறையச் சோறு சாப்பிடும் நம்ம ஊர்க்காரர்களுக்கு அவர் என்ன சொல்வார் என்பது. வேறு தளத்திலிருந்து எடுத்தெழுத முடியாத விஷயம் அது. கூகுள் அனுபவம் என்று கேட்பது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

பணம் பற்றி எழுதுபவர்களுக்கு வேறு தலைவலி: விதி மாறிக்கொண்டே இருக்கும். நகையின் மதிப்பில் 75 சதவீதம்தான் கடன் என்று செயலாளர் சாரின் பக்கத்தில் இருந்தது. 2025 ஜூனில் ரிசர்வ் வங்கி விதியை மாற்றியது: கடன் இரண்டரை லட்சம் வரை என்றால் நகை மதிப்பில் 85, ஐந்து லட்சம் வரை 80, அதற்கு மேல் 75 சதவீதம், 2026 ஏப்ரல் 1-க்குள் நடைமுறைக்கு வர வேண்டும் என்றது. பக்கத்தின் தேதியை மட்டும் புதுசாக்கிவிட்டுப் பழைய 75-ஐ விட்டுவைத்தால், அதை நம்பி வங்கியில் போய் நிற்பவருக்கு என்ன பதில்? எண்ணை மாற்றினோம், எந்த விதி, எப்போது வந்தது என்று ஒரு வரியும் சேர்த்தோம், அப்புறம்தான் தேதி.

படி 6: நோட்டில் குறித்துவையுங்கள்

எந்தப் பக்கத்தில், எந்த நாளில், என்ன மாற்றினீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். திருத்திய மறுநாளே ஏறாது. சில மாதம் ஆகும்; பல நேரம் அடுத்த கோர் அப்டேட் வந்தால்தான் பலன் தெரியும். பழைய இடமே கிடைக்கும் என்று கூகுள் உறுதி தருவதும் இல்லை. 'ஒரே வாரத்தில் ரேங்க் மீட்டுத் தருகிறோம்' என்று போன் வந்தால் வைத்துவிடுங்கள்.

சர்க்கரைப் பக்கம் இப்போது ஒன்பதாம் இடத்தில் நிற்கிறது. மருத்துவர் மூட்டுவலிப் பக்கத்தின் பிரிண்ட்டைக் கேட்டிருக்கிறார். அதன் தலைப்பும் நான் வைத்ததுதான். வெள்ளிக்கிழமை எடுத்துக்கொண்டு போகிறேன்.