பெருந்தொற்றுக் காலத்து மாகாணப் பாதீட்டை வாசிக்கும் முறை

கொவிட் பெருந்தொற்று நீடித்த ஆண்டுகளில் கிழக்கு மாகாண நிருவாகம் எதற்கு முதலிடம் கொடுத்தது என்பதை அறிய விரும்பும் ஒருவர், ஆண்டு வரவு செலவு எண்களைத் தாங்கிய மதிப்பீட்டுப் புத்தகத்தைத் திறந்து நோயின் பெயரைத் தேடுவதால் பயனில்லை. அந்தப் புத்தகம் தலைப்பு, நிகழ்ச்சித்திட்டம், கருத்திட்டம், செலவின விடயம் என்ற ஒழுங்கில் எழுதப்படுவது. நோயின் பொருட்டுச் செலவாகும் பணமோ எரிபொருள், மேலதிக நேரக் கொடுப்பனவு, துப்புரவுப் பொருட்கள், கட்டடப் பராமரிப்பு என்று பல இடங்களில் சிதறிக் கிடப்பது. வைத்தியசாலை அபிவிருத்திக் குழுவிலோ, பாடசாலை அபிவிருத்திச் சங்கத்திலோ, கிராம அபிவிருத்திச் சங்கத்திலோ பொறுப்பு வகிக்கும் மட்டக்களப்பு, அம்பாறை மாவட்ட வாசகர்கள் அந்தச் சிதறலைச் சேர்த்து வாசிக்கவும், இன்னொரு தொற்றுக்காலம் வந்தால் தமது கோரிக்கையை உரிய இடத்தில் வைக்கவும் உதவும் பொருட்டு இது எழுதப்படுகிறது.

முதல் வேலை, எந்தப் பணம் மாகாணத்தினுடையது, எது மத்தியினுடையது என்று பிரித்துக்கொள்வது. பெரும்பாலான மனுக்கள் இந்த இடத்திலேயே தவறான கதவைத் தட்டுகின்றன. 1987 ஆம் ஆண்டின் அரசியலமைப்புக்கான 13 ஆவது திருத்தத்தின்படி பொது வைத்தியசாலைகளை நிறுவிப் பராமரிப்பதும் பொதுச் சுகாதார சேவையும் மாகாண விடயங்களே. ஆயினும் போதனா வைத்தியசாலைகளும் மருந்துக் கொள்வனவும் அதிலிருந்து விலக்கப்பட்டுள்ளன. ஆகவே மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் அவசர சிகிச்சைக் கட்டில்களையும், ஊருக்கு வந்த தடுப்பூசிகளையும் மாகாண மதிப்பீட்டில் தேடக் கூடாது. புணானையில் இயங்கிய தனிமைப்படுத்தல் நிலையமும், 2020 ஏப்ரல், மே மாதங்களில் குடும்பங்களுக்கு வழங்கப்பட்ட 5,000 ரூபாயும் மத்திய அரசின் கணக்கைச் சேர்ந்தவை. பொத்துவிலிலிருந்து அக்கரைப்பற்று, கல்முனை ஊடாக மட்டக்களப்புக்கு வரும் ஏ4 வீதியும் அப்படியே. மாகாணத்தின் கையில் இருப்பவை சி, டி வகை வீதிகள். ஆதார வைத்தியசாலைகளில் சில மத்திய அமைச்சின் கீழும் சில மாகாணத் திணைக்களத்தின் கீழும் இருப்பதால், பெயர்ப்பலகையை நம்பாமல் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் பணிமனையில் கேட்டு உறுதிசெய்துகொள்வது நல்லது. அம்பாறை மாவட்டத்தவர்கள் ஒன்றைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்: அம்மாவட்டத்தில் அம்பாறை, கல்முனை என்று இரண்டு பிராந்தியப் பணிமனைகள் இருப்பதால், மாவட்டத் தொகை என்று ஒரே இலக்கம் கிடைப்பது அரிது, இரண்டையும் கூட்டித்தான் மட்டக்களப்போடு ஒப்பிட முடியும்.

அடுத்து வரவுப் பக்கத்தைப் பார்க்க வேண்டும். செலவைப் பற்றி எழுதுபவர்கள் பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனினும் தொற்றுக் காலத்து முன்னுரிமைகளைத் தீர்மானித்ததில் இதற்குப் பெரும் பங்கு உண்டு. 2011 ஆம் ஆண்டு முதல் மாகாணங்கள் வியாபாரங்களின் விற்பனைத் தொகை மீது தாமே அறவிட்ட புரள்வு வரிக்குப் பதிலாக, மத்திய அரசின் தேச நிர்மாண வரியில் மூன்றில் ஒரு பங்கும், வாகனப் பதிவுக் கட்டணத்தில் 70 சதவீதமும், முத்திரைத் தீர்வை முழுவதும் அவற்றுக்குக் கிடைத்து வந்தன. தேச நிர்மாண வரி 2019 டிசம்பர் 1 ஆந் திகதி நீக்கப்பட்டது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதால் புதிய பதிவுகளும் வற்றின. ஊரடங்கில் காணி உறுதிகள் எழுதப்படாதபோது முத்திரைத் தீர்வையும் குறையும். அதாவது நோய் வந்து சேர்வதற்கு முன்னரே ஒரு வருமானம் போய்விட்டது, வந்த பின்னர் மற்றவையும் தளர்ந்தன. இதை மனத்தில் வைத்துக்கொள்ளாமல், ஒரு கருத்திட்டம் கைவிடப்பட்டதற்கு அதிகாரிகளின் மனமின்மையே காரணம் என்று எழுதினால் அந்த விமர்சனம் நிற்காது.

எஞ்சிய பெரும்பணம் நிதி ஆணைக்குழுவின் பரிந்துரையின்படி திறைசேரியிலிருந்து வருவது. அதில் தொகுதிக் கொடை, சம்பளம், எரிபொருள் போன்று ஆண்டுதோறும் மீண்டுவரும் செலவுக்கானது. ஆசிரியர்களினதும் சுகாதாரப் பணியாளர்களினதும் சம்பளமே அதில் பெரும் பகுதியைக் கொண்டுபோகிறது. பிரமாண அடிப்படையிலான கொடை சிறு மூலதனத் தேவைகளுக்கு உரியது. அலுவலகங்களில் பி.எஸ்.டி.ஜி. என்றே அறியப்படும் மாகாண அபிவிருத்திக் கொடை கட்டடம், வீதி, நீர்ப்பாசனம், உபகரணம் போன்றவற்றுக்கானது. முன்னுரிமை என்று எதையாவது பேச முடியுமானால் அது கடைசி இரண்டிலும், மீண்டுவரும் செலவில் சம்பளம் போக மிஞ்சும் சிறு துண்டிலும் மட்டுமே பேச முடியும். கல்விக்கு இத்தனை கோடி ஒதுக்கினோம் என்ற அறிவிப்பைக் கேட்டால், சம்பளத்தைக் கழித்துவிட்டு எவ்வளவு என்று திருப்பிக் கேட்பதே சரியான வாசிப்பு.

எந்த ஆண்டோடு ஒப்பிடுவது என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. 2020 ஆம் ஆண்டு முழுப் பாதீடு இல்லாமல், சில மாதச் செலவுக்கு மட்டும் அனுமதி தரும் இடைக்காலக் கணக்கறிக்கையோடு தொடங்கியது. அவ்வாண்டுக்கான ஒதுக்கீட்டுச் சட்டமூலம் நவம்பரில்தான் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. ஆதலால் 2020 ஐ அடிப்படையாக வைத்து 2021 இல் இவ்வளவு கூடியது என்று கணக்கிட்டால் விடை பிழைக்கும். 2019 இன் உண்மைச் செலவை அடிப்படையாக வைத்துக்கொண்டு அடுத்த மூன்று ஆண்டுகளையும் அதன் பக்கத்தில் நிரைப்படுத்துங்கள். மாகாண சபையின் பதவிக்காலம் 2017 செப்டம்பர் 30 ஆந் திகதி முடிந்து, தொற்றுக் காலம் முழுவதும் நிருவாகம் ஆளுநரின் கீழேயே நடந்தது. விவாதமும் எதிர்ப்புரையும் இல்லாத பாதீடுகள் இவை. ஒரு தொகை ஏன் வெட்டப்பட்டது என்பதற்குச் சபைக் கூற்று எதையும் காட்ட முடியாது. எண்களைத்தான் பேச வைக்க வேண்டும்.

இனி உற்றுப் பார்க்க வேண்டிய இடத்துக்கு வருவோம். 2020 நவம்பர் இறுதியில் அக்கரைப்பற்றில் தொற்று பரவியபோது, வீடு வீடாகச் சென்று நோயாளரோடு பழகியவர்களைத் தேடிப் பட்டியலிட்டவர்கள் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள். அவர்களின் வேலை மோட்டார் சைக்கிளில் நடப்பது. அந்த வேலைக்கான பணம் புதுக் கட்டடத்துக்கான மூலதனத் தலைப்பில் இராது. உள்ளூர்ப் பிரயாணச் செலவு, எரிபொருள், மேலதிக நேரம் என்ற மூன்று சிறிய செலவின விடயங்களில் இருக்கும். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளுக்குரிய நிகழ்ச்சித்திட்டத்தை எடுத்து, இந்த மூன்று விடயங்களும் 2019 இலிருந்து எப்படி நகர்ந்தன என்று பாருங்கள். நோயாளர் தொகை ஏறிய ஆண்டில் எரிபொருளுக்கான தொகை அசையாமல் கிடந்தால், யாரோ ஒருவர் தன் சட்டைப் பையிலிருந்து பெற்றோல் அடித்திருக்கிறார், அல்லது போக வேண்டிய வீட்டுக்குப் போகவில்லை. கட்டடத்துக்கு நாடா வெட்டும் படம் பத்திரிகையில் வரும், பிரயாணக் கொடுப்பனவுக்கு வராது என்பதாலோ என்னவோ, கோரிக்கை எழுதுபவர்களும் இந்த விடயங்களைக் கேட்க மறந்துவிடுகிறார்கள்.

கல்வியிலும் இதே முறையைக் கையாளலாம். பாடசாலைகள் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தபோது, தொலைபேசிச் சமிக்ஞை கிடைக்காத, மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரைப் பிள்ளைகளை எட்டக்கூடியவை அச்சிட்ட செயலட்டைகளே. மட்டக்களப்பு மேற்குக் கல்வி வலயத்தில் காகிதாதிகளுக்கும் அச்சிடலுக்கும் உரிய தொகைகள் கூடியிருந்தால் அந்தத் தேவை உணரப்பட்டது என்று கொள்ளலாம். கூடாமல், அதே ஆண்டில் மின்கட்டணத்தில் மிஞ்சிய பணம் வேறெங்கோ மாற்றப்பட்டிருந்தால், அது எங்கே போனது என்பதே அடுத்த கேள்வி. ஒரு விடயத்தில் மிஞ்சியதை இன்னொன்றுக்கு மாற்றுவதற்கு நிதி விதிகள் இடமளிக்கின்றன; மத்திய நிதிப் பிரமாணங்களில் அது 66 ஆவது பிரமாணம். தொற்றுக் காலத்தில் உண்மையான தெரிவுகள் ஆண்டின் நடுவில் இந்த மாற்றங்களாகவே நிகழும் என்பதால், ஜனவரி மதிப்பீட்டை விட டிசம்பர் வரையான மாற்றப் பட்டியல் பெறுமதி மிக்க ஆவணம்.

ஒதுக்கீட்டையும் கிடைத்த பணத்தையும் ஒன்றாக எண்ணிவிடவும் கூடாது. ஒதுக்கீடு ஓர் அனுமதி. திறைசேரி கட்டுநிதியை, அதாவது செலவுக்கான காசை, விடுவித்தால்தான் காசோலை எழுத முடியும். உதாரணமாக, ஒரு விடுதித் திருத்தத்துக்கு 100 இலட்சம் ரூபாய் ஒதுக்கப்பட்டு, 70 இலட்சத்துக்கு வேலை முடிந்து, ஆண்டிறுதி வரை 40 இலட்சமே விடுவிக்கப்பட்டதென்று வைத்துக்கொள்வோம். ஒப்பந்தகாரருக்கு 30 இலட்சம் நிலுவை. மறு ஆண்டு அதே தலைப்பில் மீண்டும் 100 இலட்சம் என்று அச்சாகியிருந்தாலும், புதிய வேலைக்கு இருப்பது 70 இலட்சமே. ஆகவே ஒதுக்கீடு, விடுவிப்பு, செலவு, நிலுவை என்று நான்கு நிரல்களை வரைந்துகொண்டு நிரப்புங்கள். கணக்காய்வாளர் நாயகத்தின் வருடாந்த அறிக்கையில் இவற்றைச் சரிபார்க்க இடமுண்டு.

வாசித்து முடித்த பின்னர் கோரிக்கை எழுதுவதாயின், அதை ஒரு செலவின விடயத்தின் மொழியில் எழுதுவது பலன் தரும். எமது பாடசாலைக்குச் சுகாதார வசதி வேண்டும் என்று எழுதிய கடிதம் கோப்பில் தூங்கும். எத்தனை மாணவர்கள், எத்தனை குழாய்கள், தொட்டியின் மூலதனச் செலவு எவ்வளவு, மாத நீர்க்கட்டணத்தையும் சவர்க்காரத்தையும் யார் ஏற்பது என்று எழுதிய கடிதத்தைத் திட்டமிடல் உத்தியோகத்தர் நேராக ஒரு வரியில் பதியலாம். மீண்டுவரும் செலவைச் சொல்லாமல் விடுவதே வழக்கமான குறை. கைகழுவும் தொட்டிகள் வறண்டு கிடப்பதற்கும் அதுவே காரணம். மத்திய பாதீடு பொதுவாக நவம்பரில் சமர்ப்பிக்கப்படுவதால், கோரிக்கை ஆண்டின் நடுப்பகுதியிலேயே வலயக் கல்விப் பணிமனைக்கோ பிராந்தியச் சுகாதாரப் பணிமனைக்கோ போய்ச் சேர வேண்டும். பிரதி ஒன்று திருகோணமலையில் உள்ள பிரதிப் பிரதம செயலாளர் (திட்டமிடல்) அலுவலகத்துக்கு அனுப்பப்படலாம்.

புத்தகத்தில் இல்லாத எண்களுக்கு 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதி, உரிய திணைக்களத்தின் தகவல் உத்தியோகத்தரிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான எழுத்துமூல ஒப்புதலை வாங்கிக்கொள்ளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்ற தீர்மானத்தை அவர் அறிவிக்க வேண்டும். தொற்றுக்காலச் செலவு விபரம் தருக என்று பொதுப்படக் கேட்டால் பொதுப்படையான பதிலே வரும். நிகழ்ச்சித்திட்ட இலக்கம், செலவின விடயம், ஆண்டு ஆகிய மூன்றையும் குறிப்பிட்டு, மேற்சொன்ன நான்கு நிரல்களையும் மாற்றப் பட்டியலின் பிரதியையும் கேளுங்கள்.