மீன் தொட்டி: எங்கே வைப்பது, எதன் மேல் வைப்பது?

தொட்டி வாங்கும் முன்பே இடத்தையும் ஸ்டாண்டையும் முடிவு செய்துவிடுங்கள். தண்ணீர் நிரப்பிய தொட்டியை அப்புறம் நகர்த்தக் கூடாது.

படி 1: எடை
நீளம், அகலம், உயரம் மூன்றையும் செ.மீ.யில் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் லிட்டர் கணக்கு வரும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 60 × 30 × 30 அளவுள்ள 2 அடி தொட்டியில் 54 லிட்டர் பிடிக்கும். கண்ணாடி, கூழாங்கல் சேர்த்தால் 75 கிலோவை நெருங்கும். ஓர் ஆள் எடைதான், நல்ல கான்கிரீட் தளத்துக்கு இது பொருட்டே இல்லை. 90 × 45 × 45 தொட்டி அப்படியல்ல, ஸ்டாண்டோடு 250 கிலோவைத் தொட்டுவிடும். மாடி வீடென்றால் அதை அறை நடுவில் வைக்காமல், கீழே பீமோ சுவரோ தாங்கும் ஓரமாக வையுங்கள். அதைவிடப் பெரிய தொட்டிக்கும், பழைய மரக்கட்டைத் தளத்துக்கும் ஒரு பொறியாளரைக் கேட்டுவிடுவது நல்லது.

படி 2: இடம்
நேர் வெயில் வேண்டாம். பாசி பிடிக்கும், தண்ணீரும் சூடாகும். ஏ.சி. காற்று நேராக அடிக்கும் இடமும் வேண்டாம். பிளக் பாயின்ட் பக்கத்தில் இருக்கட்டும். குழாயிலிருந்து பக்கெட் தூக்கும் தூரத்தையும் நினைத்துப் பாருங்கள், தூரம் கூடினால் தண்ணீர் மாற்றுவதைத் தள்ளிப்போடுவோம். பின்னால் ஃபில்டருக்கும் கைக்கும் நாலு விரற்கடையாவது இடைவெளி விடுங்கள்.

படி 3: ஸ்டாண்டு
கண்ணாடி கனத்தைத் தாங்கும், முறுக்கலைத் தாங்காது. அதனால் ஸ்டாண்டின் பலத்தைப் போலவே அதன் மேற்பரப்பு சமமாக இருப்பதும் முக்கியம். டீப்பாய், டி.வி. ஸ்டாண்டு, சுவரில் பதித்த கடப்பா கல் அலமாரி எல்லாம் இதற்குச் செய்தவை அல்ல. பார்ட்டிகிள் போர்டு ஈரம் பட்டால் உப்பிவிடும். என் ஓட்டு இரும்பு ஆங்கிள் ஸ்டாண்டுக்குத்தான்: ரெட் ஆக்ஸைடு அடித்து, மேலே 18 மி.மீ. வாட்டர்ப்ரூஃப் பிளைவுட் போட்டது. பிளைவுட் தொட்டியின் அடிப்பகுதி முழுவதையும் தாங்க வேண்டும், ஒரு ஓரம்கூட வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. ஒருவர் ஏறி உட்கார்ந்து பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். ஆடினால் குறுக்குக் கம்பி வைத்து வெல்டிங் செய்யச் சொல்லுங்கள்.

படி 4: மட்டம்
பல வீடுகளில் தரை கழுவும் வசதிக்காக வாசல் பக்கம் சரிவு விட்டிருப்பார்கள். பிளைவுட் மேல் ரசமட்டத்தை நீளவாக்கில், அகலவாக்கில், மூலைக்கு மூலை வைத்துப் பாருங்கள். ஒரு நேரான அளவுகோலையும் அதன் நீள விளிம்பு பிளைவுட்டில் படும்படி நிறுத்திப் பாருங்கள். அடியில் வெளிச்சம் தெரிந்தால் அங்கே பள்ளம். சரிவு இருந்தால் ஸ்டாண்டின் காலுக்கு அடியில் தகடு கொடுங்கள். தொட்டிக்கு அடியில் ஒருபோதும் கொடுக்காதீர்கள். அட்டையோ பேப்பரோ ஈரத்தில் நசுங்கும்.

படி 5: சோதனை
அடிக்கண்ணாடி நேராகத் தளத்தில் உட்காரும் தொட்டியென்றால் அடியில் தெர்மோகோல் ஷீட் விரியுங்கள். விளிம்புச் சட்டத்தில் மட்டும் நிற்கும் தொட்டிக்கு, தயாரிப்பாளர் சொல்லாமல் விரிக்க வேண்டாம். கால்பங்கு தண்ணீர் விட்டு, நான்கு மூலையிலும் மேல்விளிம்பிலிருந்து தண்ணீர் வரை அளந்து பாருங்கள். வித்தியாசம் இருந்தால் தண்ணீரை எடுத்துவிட்டு, ஸ்டாண்டுக் கால்களைச் சரிசெய்யுங்கள். சரியாக இருந்தால் முழுக்க நிரப்பி ஒரு நாள் விடுங்கள். அடியில் ஈரம் இல்லையென்றால் தண்ணீரை இறக்கிவிட்டு மணல், கல் போட ஆரம்பிக்கலாம்.